இஸ்தான்புல்லின் தெரு நாய்களும் ஒரு பாறைத் தீவும்

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையிலுள்ள காதிக்கோய் படகுத்துறையில், மாலை நெரிசலின் நடுவே, மணல் நிறப் பெரிய நாய் ஒன்று நான்கு கால்களையும் நீட்டிப் படுத்திருந்தது. வேலை முடிந்து படகைப் பிடிக்க விரைந்தவர்களில் ஒருவர்கூட அதை விரட்டவில்லை. எல்லோரும் விலகி, சுற்றிக்கொண்டே போனார்கள். அதன் காதில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. கருத்தடையும் தடுப்பூசியும் ஆயிற்று என்பதற்கு நகராட்சி இடும் அடையாளம் அது. பிடித்த நாய்க்குச் சிகிச்சை செய்து, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது.

இந்த உறவு மிகப் பழையது. ஒஸ்மானியப் (ஓட்டோமான்) பேரரசின் காலத்தில் நாய்களை வீட்டுக்குள் சேர்க்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அவற்றின் எச்சில் தூய்மையைக் கெடுக்கும் என்பது மக்களின் நம்பிக்கை. ஆயினும் பசித்த உயிருக்கு உணவிடுவது புண்ணியம் என்று கருதியதால், அவை யாருக்கும் உரிமையாகாமல் தெருவுக்கே உரியவையாக வாழ்ந்தன. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அது தெருக்கழிவைத் தின்று தீர்த்தது, இரவில் அந்நியர் நுழைந்தால் குரைத்து ஊரை எழுப்பியது.

மறுநாள் இளவரசர் தீவுகளுக்குப் படகில் சென்றபோது, மர்மரா கடலில் தொலைவில் கூம்பாக எழுந்து நின்ற சிவ்ரியாதா என்ற சிறு தீவைப் பார்த்தேன். குடிநீர் இல்லாத வெறும் பாறை. 1910-இல், அப்போது தலைநகராக இருந்த இஸ்தான்புல்லை ஐரோப்பிய நகரங்களைப் போல மாற்ற முனைந்த, சீர்திருத்தவாதிகளான இளந்துருக்கியரின் ஆட்சி, தெரு நாய்களைப் பிடித்துக் கூண்டுகளில் அடைத்து இங்கே கொண்டுவந்து இறக்கியது. அவை எண்பதாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவோர் உண்டு. பசியிலும் தாகத்திலும் மடிந்தவை போக, கரை சேர நீந்திய பலவும் மூழ்கிப் போயின. அந்தப் பாறையைக் கண்ணால் கண்ட பிறகு, இதை நிர்வாக நடவடிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அது படுகொலை.

2024 ஜூலையில் துருக்கி நாடாளுமன்றம் பழைய சட்டத்தைத் திருத்தியது. நாய்களைத் திரும்பத் தெருவில் விடாமல் காப்பகங்களில் வைக்க வேண்டும். மனிதருக்கு ஆபத்தானவற்றையும் குணமாகாத நோயுற்றவற்றையும் கொல்லலாம். நாய்க்கடியால் குழந்தையை இழந்த பெற்றோரின் துயரத்தை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. ஆனால் நாடெங்கும் சுமார் 40 லட்சம் தெரு நாய்கள் இருப்பதாக அரசே சொன்னபோது, காப்பகங்களில் ஏறத்தாழ ஒரு லட்சத்துக்குத்தான் இடம் இருந்தது. புதிய காப்பகங்களைக் கட்ட நகராட்சிகளுக்கு 2028 இறுதி வரை அவகாசம் உண்டு. அதுவரை பிடிபடும் நாய்களை எங்கே வைப்பார்கள் என்று கேட்டு, எதிர்ப்பாளர்கள் வீதியில் இறங்கினார்கள். என் மனமும் அவர்கள் பக்கமே. காதில் வில்லை பொருத்தும் வேலையை எல்லா நகராட்சிகளும் இருபது ஆண்டுகள் ஒழுங்காகச் செய்திருந்தால், அந்தத் திருத்தத்துக்கே தேவை எழுந்திருக்காது.