வெறும் மணிக்கட்டு

பதவி உயர்வுக் கடிதம் கைக்கு வந்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "ரொம்ப சந்தோஷம்மா," என்றவள் அடுத்த மூச்சிலேயே, "இனிமேலாவது கையில ரெண்டு வளையல் போட்டுக்கோ. மேனேஜராயிட்டு வெறுங்கையோட போய் நிப்பியா?" என்று கேட்டாள்.

2008-ல் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்தேன். அன்று முதல் வேலை நேரத்தில் என் கை வெறுங்கைதான். வளையல் இல்லை, மோதிரம் இல்லை, வாட்ச் இல்லை. தாலிச் சங்கிலி கோட்டுக்குள், பின்னல் தொப்பிக்குள், துப்பட்டா லாக்கரில். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்குவது எதுவும் ஆகாது. அப்போதிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ போகிறவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே தர வேண்டும் என்றது 22-ஆம் பிரிவு. அதில் 'ஆண் தொழிலாளி' என்றே எழுதியிருந்தார்கள். முதன்முதலில் அதைப் படித்தபோது சுருக்கென்றது. இன்னும் மறக்கவில்லை.

2022 ஜூனில் உற்பத்திப் பிரிவு மேலாளர் ஆனேன். மாடியில் ஒரு அறை, கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே மொத்த ஷாப் ஃப்ளோரும் தெரியும். பாதி நாள் கூட்டங்கள், மாதம் நான்கைந்து முறை கஸ்டமர் கம்பெனிகளுக்குப் பயணம். வேறொரு கம்பெனியில் எனக்கு முன்பே மேலாளரான தோழி ஒரு பட்டியல் அனுப்பினாள்: நல்ல வாட்ச், லெதர் பை, கனமான பேனா, ஹீல்ஸ். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எதிரே உட்காருபவர் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே நம் கையையும் பையையும் பார்த்துவிடுகிறார். பெண் என்றால் இன்னும் கூர்ந்து பார்க்கிறார். பதினான்கு வருடம் நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரோடு குடும்பம் நடத்தியவள் நான். கையில் எடுக்கும் பொருள் சரியானதாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அற்பமான விஷயமே இல்லை.

வாட்ச்தான் முதலில். ஓசூர்க்காரர்களுக்கு வாட்ச் என்பது வெறும் கடைப் பொருள் அல்ல. 1984-ல் டாடாவும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் ஆலை எங்கள் ஊரில்தான் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய மெல்லிய வாட்சுக்குள் ஓடும் இயக்கப் பகுதியின் தடிமன் 1.15 மில்லிமீட்டர். எங்கள் லைனில் ஓடும் ஒரு வாஷர்கூட அதைவிடத் தடிமன். கடையில் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, இதைச் செய்தவர்களும் என்னைப்போல் பிசிறையும் மைக்ரானையும் பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள்தானே என்று பெருமையாக இருந்தது. ஆனால் என் பட்ஜெட்டுக்கு அதே கடையில் இருந்த எளிய ஸ்டீல் செயின் வாட்ச்தான் ஒத்து வந்தது. அதை வாங்கினேன்.

மூன்றாம் நாள். கஸ்டமரோடு போனில் பேசிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கினேன். பேச்சு முடிந்ததும் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டு நேராக லைனுக்குள் போனேன். பாகத்தைச் சுழற்றிப் பிசிறு எடுக்கும் பழைய லேத்தில் ஒரு பாகம் அளவு தவறி வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். அங்கே நின்றிருந்தவன் தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த அப்ரண்டிஸ் பையன். போன வாரம்தான் அவன் மணிக்கட்டிலிருந்த சிவப்புக் கயிற்றைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். "அம்மா கோயில்ல கட்டுனது மேடம், அறுக்கக் கூடாது," என்றான். அறுக்க வேண்டாம், அவிழ்த்துவிடு என்றேன். பல்லால் முடிச்சை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, லைன் வாசலில் இருக்கும் எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுப் போனான். மோதிரம், காப்பு, கயிறு எல்லாம் ஷிப்ட் முடியும் வரை அந்தத் தட்டில்தான் இருக்கும்.

அவனுக்கு அன்று ஒரு கணக்கும் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த லேத் நிமிடத்துக்கு 600 சுற்று ஓடுகிறது, நொடிக்கு 10. கையை இழுக்கணும் என்று உனக்குத் தோன்றுவதற்கே ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குள் உன் கயிறு இரண்டு சுற்று சுற்றியிருக்கும். கயிறு அறுந்துபோனால் பிழைத்தாய். அறாமல் இருந்தால்?

இப்போது பாகத்தைக் கேட்டுக் கை நீட்டினேன். மெஷினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தில் நனைந்த அந்த வெளிச்சத்தில் என் மணிக்கட்டு பளிச்சென்று மின்னியது. கயிறாவது அறும். ஸ்டீல் செயின் அறாது.

பையன் ஒன்றும் சொல்லவில்லை. வாட்சைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். எனக்கு முதன்முதலில் லேத் பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன் அடுத்த மெஷினில் நின்றிருந்தார். தனியாக இருக்கும்போது என்னை "என்னம்மா" என்பார், நாலு பேர் முன்னால் "மேடம்". அருகே வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில் "மேடம்... வாட்ச்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கழற்றிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தேன். பையனிடம், "நான் பண்ணினது தப்பு. அடுத்த தடவை நீயே சொல்லு," என்றேன். அவன் தலையை ஆட்டினான். சொல்வானா என்பது எனக்குச் சந்தேகம்தான். சேர்ந்து எட்டு மாதமான பையன் மேலாளரிடம் எப்படிச் சொல்வான்?

அன்று இரவு தோழியின் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எதிரே உட்காரும் கஸ்டமர் என்ன நினைப்பார் என்ற ஒரே கேள்வியை வைத்து எழுதிய பட்டியல் அது. என்னைக் காலையிலிருந்து மாலை வரை பார்ப்பவர்கள் கீழே இருக்கும் நூற்றைம்பது பேர். நான் என்ன போட்டிருக்கிறேனோ அதுதான் அவர்களுக்கு விதி, சுவரில் நாங்கள் ஒட்டியிருக்கும் போர்டு அல்ல. எனவே இனி எந்தப் பொருளை வாங்கினாலும் முதல் கேள்வி, இதோடு ஒரு நிமிடத்தில் லைனுக்குள் போக முடியுமா என்பதுதான். யோசிக்காமல் கழற்ற முடிந்தாலும் சரி, கழற்றவே தேவையில்லை என்றாலும் சரி.

வாட்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஸ்டீல் செயினை ஒரு அழுத்தலில் கழற்றிவிடலாம், துடைத்தால் போதும். தோல் பட்டை என்றால் கூலண்டை உறிஞ்சி ஒரே மாதத்தில் நாறிவிடும். சர்ஃபேஸ் கிரைண்டரில் பாகத்தைக் காந்தத்தால் பிடித்து வைக்கும் மேக்னட்டிக் சக் அருகே போனால் குவார்ட்ஸ் வாட்ச் அப்படியே நின்றுவிடும், விலகியதும் மறுபடி ஓடும், ஆனால் நேரம் பின்தங்கியிருக்கும். கழற்றி வைக்க அதுவும் ஒரு காரணம். கஸ்டமர் ஆலைகளில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் அல்லது கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே வாட்ச் இல்லாமல் முடியாது.

ஷூ விஷயத்தில் எனக்கு நெடுநாள் மனக்குறை ஒன்று உண்டு. பாதுகாப்பு ஷூவின் முன்பக்கக் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதற்குச் சமம். அந்த ஷூவில் பெண்களுக்கான அளவு எங்கள் ஸ்டோரில் கிடையாது. ஆண்களின் மிகச் சிறிய அளவை வாங்கி, இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் நடந்தேன். குதிகால் கழன்று கழன்று போகும். பெரிதாக இருக்கும் பாதுகாப்பு ஷூ பாதுகாப்பே இல்லை, அது தடுக்கி விழ வைக்கும். மேலாளராக நான் கையெழுத்திட்ட முதல் கொள்முதல்களில் ஒன்று, பெண்களின் பாத அமைப்புக்கே செய்த எடை குறைந்த கவச ஷூக்கள். லைனில் வேலை செய்யும் எல்லாப் பெண்களுக்கும் வாங்கினோம், எனக்கும் ஒரு ஜோடி. கஸ்டமர் கூட்டத்துக்கும் அதே ஷூவோடுதான் போகிறேன். ஹீல்ஸ் வாங்கவே இல்லை.

பேனாவைப் பற்றிச் சித்தப்பாவுக்கு ஒரு ஆசை. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். "பச்சை இங்க் பேனா வாங்கித் தரேன்," என்றார். கெசட்டட் அதிகாரியின் பச்சைக் கையெழுத்துக்காக வரிசையில் நின்ற தலைமுறைக்கு அதன் மதிப்பு தெரியும். ஆனால் பாகங்களோடு மெஷின் மெஷினாகச் சுற்றும் எங்கள் ரூட் கார்டில் எப்போதும் எண்ணெய்க் கறை இருக்கும், அதில் மைப்பேனா ஊறிப் பரவும், ஜெல் பேனா பிடிக்கவே பிடிக்காது. மூன்று பிரதி கேட் பாஸில் கடைசித்தாள் வரை பதிய அழுத்தி எழுத வேண்டும். பத்து ரூபாய் நீல பால்பாயிண்ட்தான் அதற்கு. சித்தப்பா வாங்கித் தந்த பேனா வீட்டு மேசையில் இருக்கிறது, அதில்தான் அவருக்குப் பொங்கல் வாழ்த்து எழுதுகிறேன்.

பைக்கு மட்டும் பணத்தைப் பார்க்கவில்லை. முதலில் வாங்கிய பளபளப்பான பை லெதர் என்று சொல்லி விற்றது. இரண்டு மழைக்காலத்தில் பிடியோரம் தோலுரிந்தது. துணிமேல் பூசிய பாலியூரிதேன் காற்றின் ஈரத்திலேயே சிதையும், பீரோவில் பூட்டி வைத்தாலும் உரியும். பிறகு ஆம்பூரில் ஒரு தெரிந்தவர் மூலம் தாவரப் பதனிட்ட மாட்டுத்தோல் பை ஒன்று வாங்கினேன். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு நம் ஊரில் பதனிட்ட தோல் கப்பலேறிப் போனது என்று அவர்தான் சொன்னார். என் பைக்குள் லேப்டாப், டிபன் பாக்ஸ், பாதுகாப்புக் கண்ணாடி, மடித்த தொப்பி எல்லாம் அடங்கும். புதிதில் வெளிர்பழுப்பாக இருந்தது, இப்போது என் கை படும் இடம் மட்டும் கருத்திருக்கிறது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மாவை வரச் சொன்னேன். அன்று தொழிலாளர்களின் குடும்பங்கள் எல்லாரும் உள்ளே வரலாம். மெயின் ஸ்விட்சை அணைத்து, மெஷின்களைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். வாழையிலையில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர்கள். அவற்றின் பக்கத்தில் என் நீலப் பேனாவையும் வைத்தேன். அம்மா கொடுத்த இரண்டு வளையலையும் அன்றுதான் ஷாப் ஃப்ளோருக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மெஷின் சத்தம் இல்லாததால் அவை மோதும் ஒலி எனக்கே கேட்டது.

லைன் வாசலில் அந்த எவர்சில்வர் தட்டு காலியாக இருந்தது. யாரோ அதையும் தேய்த்துக் கழுவி, நடுவில் ஒரு சந்தனப்பொட்டு வைத்திருந்தார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது எதுக்குப்பா?" என்று அண்ணனைக் கேட்டாள். அவர் விவரமாகச் சொன்னார், கயிற்றையும் வாட்சையும்கூட விடவில்லை. கேட்டு முடித்ததும் அம்மா தன் வளையல்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"இன்னைக்கு வேணாம்மா," என்றார் அண்ணன். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு."