சேவ் செய்ததும் திரும்பி வந்த செமிகோலன்

ஒரு செமிகோலனுக்காக அரை நாள் போய்விட்டது. கோட் எழுதும் எடிட்டரான விஎஸ் கோடில், ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலுக்கு சேவ் கொடுத்தால் வரிக் கடைசி செமிகோலன் மறையும். அடுத்த நொடி சிவப்பு நெளிகோட்டோடு திரும்ப வந்து உட்காரும். அதே ரெப்போ (புராஜெக்டின் கோட் முழுவதும் இருக்கும் இடம்) டீமில் மற்றவர்களுக்கு ஒழுங்காக ஓடுகிறது.

சண்டை எங்கே என்றால், சேவ் ஆகும்போது கோட் ஆக்‌ஷன் (தானாகத் திருத்தும் வேலை) முதலில் ஓடும், கோடின் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டர் அதற்குப் பிறகு. கோடில் பிழைகளையும் விதி மீறல்களையும் பார்க்கும் இஎஸ்லின்ட், செமிகோலன் கூடாது என்ற விதிப்படி அதை எடுக்கிறது. பின்னால் வரும் பிரெட்டியர் என்ற ஃபார்மேட்டர் தன் டிஃபால்ட்படி திரும்பப் போடுகிறது. கடைசியில் கை வைப்பவர் சொன்னதுதான் ஃபைலில் நிற்கும்.

எடிட்டரில் கூடுதலாகப் போட்ட எக்ஸ்டென்ஷன்களில் எது சிக்கல் என்று தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் ஓட்டினேன். பாதிப் பாதியாக அணைத்துப் பார்க்கும் என்பதால் 30 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் ஐந்து சுற்றில் ஆளைக் காட்டிவிடும். பிரெட்டியரைக் காட்டியது. அதைக் கழற்றித் திரும்பப் போட்டது வெட்டி வேலை. சிக்கல் செட்டிங்ஸில் இருந்தது.

புராஜெக்ட் ஃபோல்டரின் செட்டிங்ஸில் டிஃபால்ட் ஃபார்மேட்டர் இஎஸ்லின்ட் என்று தெளிவாகவே இருந்தது. ஆனால் என் யூசர் செட்டிங்ஸில், ஜாவாஸ்கிரிப்டுக்கென்று தனியாக எழுதிய பழைய பிளாக்கில் பிரெட்டியர். புராஜெக்ட் செட்டிங் யூசர் செட்டிங்கை மிஞ்சும் என்றுதானே நினைப்போம்? மொழிக்கென்று எழுதியது யூசர் செட்டிங்கில் இருந்தாலும், புராஜெக்டில் பொதுவாக எழுதியதை மிஞ்சிவிடும். இதைத்தான் கடைசிவரை கவனிக்கவில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டியது: ஃபைலில் ரைட் கிளிக், 'ஃபார்மட் டாக்குமென்ட் வித்'. எது டிஃபால்ட் என்று பட்டியலிலேயே போட்டிருக்கும். பத்து நொடி வேலை.

புராஜெக்ட் செட்டிங்ஸிலும் ஜாவாஸ்கிரிப்ட் பிளாக் எழுதி அதற்குள் ஃபார்மேட்டரைக் கொடுத்ததும் சரியானது. டைப்ஸ்கிரிப்ட், ஜேஎஸ்எக்ஸ் ஃபைல்களுக்கு அந்த பிளாக் செல்லாது, அவற்றுக்கும் எழுத வேண்டும்.

இஎஸ்லின்ட், பிரெட்டியர் இரண்டும் சேர்ந்தே வேண்டுமென்றால் 'இஎஸ்லின்ட் கான்ஃபிக் பிரெட்டியர்' என்ற பேக்கேஜைப் போடுங்கள். மோதும் விதிகளை அணைப்பதுதான் அதன் வேலை. கான்ஃபிக் பட்டியலில் கடைசியாக வைக்கவில்லை என்றால் பின்னால் வருவது அந்த விதிகளைத் திரும்ப இயக்கிவிடும்.

சோதிக்கும்போது ஆட்டோ சேவை அணைத்துவிடுங்கள். சற்றுத் தாமதித்துத் தானாக சேவ் ஆகும்போது ஃபார்மேட்டர் ஓடாது. சண்டை தீர்ந்துவிட்டதுபோல் தெரியும், நீங்களே சேவ் கொடுத்ததும் செமிகோலன் வந்து நிற்கும்.