படைப்பிரிவுப் பட்டியலும் பச்சை பெயிண்டும்

பெர்லினிலிருந்து தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால், பைன் மரக் காட்டுக்குள் வூன்ஸ்டோர்ஃப் வரும். சோஸன் நகராட்சியைச் சேர்ந்த ஊர். ஜெர்மன் பேரரசர் காலப் படை, முதல் உலகப் போருக்குப் பின் வந்த வைமார் குடியரசின் படை, ஹிட்லரின் படை, கடைசியாக சோவியத் படை என்று நான்கு ராணுவங்கள் அடுத்தடுத்துக் குடியிருந்த இடம். ஒவ்வொருவரும் முந்தையவர் விட்டுப்போனதில் பெரும்பகுதியை இடிக்காமல், பூசி, தடுத்து, கூட்டிக் கட்டி வைத்துக்கொண்டார்கள். பழைய கட்டடங்களை அளந்து வரைந்து ஆவணமாக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, அங்கிருந்த படைவீரர் குடியிருப்பு ஒன்று எங்கள் கைக்கு வந்தது.

மதுரையில் கட்டடக்கலை படித்துவிட்டு, மரபுக் கட்டடப் பராமரிப்பில் மேற்படிப்புக்காக ஜெர்மனி வந்தவள் நான். தேவாலயம், அரண்மனை என்று எதிர்பார்த்து வந்தவளுக்குக் கிடைத்தது பாரக்ஸ். முதலில் கொஞ்சம் ஏமாற்றம்தான். நீளமான நடைவழி, இருபுறமும் ஒரே அளவில் அறைகள், கோடியில் கழிப்பறை. இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றியது.

வேலை இரண்டு பாகம். ஒன்று, யார் எப்போது இங்கே இருந்தார்கள் என்ற பட்டியலை ஆவணங்களிலிருந்து தயாரிப்பது. இன்னொன்று, அறைப் புத்தகம். ஒவ்வொரு அறைக்கும் ஓர் எண். அதன் நான்கு சுவர்களுக்கும் கடிகாரச் சுற்றில் அ, ஆ, இ, ஈ. தரை, கூரை, கதவு, ஜன்னல், பூச்சு, விரிசல் எல்லாவற்றுக்கும் படமும் குறிப்பும். அலுப்பான வேலை. ஆனால் கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இதைச் செய்தவர்தான் பேசலாம் என்பது எங்கள் மேலதிகாரியம்மாவின் கட்சி.

பட்டியலின் முற்பகுதி மளமளவென்று வந்துவிட்டது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே ராணுவப் பயிற்சித் திடலும், காலாட்படைக்கான துப்பாக்கிச் சுடும் பயிற்சிப் பள்ளியும் வந்தன. முதல் உலகப் போருக்குப் பிறகு இங்கே ராணுவ உடற்பயிற்சிப் பள்ளி இயங்கியது. அந்தப் போருக்குப் பின் போட்ட வெர்சாய் ஒப்பந்தப்படி ஜெர்மனி டாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தடையை ஹிட்லர் அரசு வெளிப்படையாக உதறிய 1935இல், அக்டோபர் மாதம், 5ஆவது டாங்கி ரெஜிமெண்ட் வூன்ஸ்டோர்ஃபில் உருவாக்கப்பட்டது. 3ஆவது டாங்கி டிவிஷனில் இருந்துவிட்டு, 1941இல் ஜெர்மன் தளபதி ரோம்மெலோடு லிபியாவுக்குப் போய், 1943இல் துனீசியாவில் அதன் கதை முடிந்தது. எந்தக் கட்டடம் எந்தப் பட்டாலியனுக்கு, எங்கே சமையல்கூடம், எங்கே ஆயுத அறை என்பதெல்லாம் வரைபடத்திலேயே இருந்தது. காகித விஷயத்தில் ஜெர்மானியர்கள் கெட்டி.

ஹிட்லர் காலத்துப் பங்கர்களை, அதாவது குண்டுவீச்சைத் தாங்கும் பதுங்கு கட்டடங்களைப் பற்றி நீட்ட மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் வருவதே அதற்குத்தான், ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று. ஒன்று மட்டும் சொல்லலாம். தரைப்படைத் தலைமைக்காகக் கட்டிய மேபாக் 1 என்ற பங்கர் தொகுதியின் பன்னிரண்டு கட்டடங்களும், மேலிருந்து பார்த்தால் சாய்கூரையும் புகைபோக்கியும் கொண்ட கிராமத்து வீடுகள் போலத் தெரியும்படி கட்டப்பட்டவை. உள்ளே முழுக்க கான்கிரீட். பக்கத்திலேயே ஸெப்பலின் என்ற பெயரில் ஒரு பெரிய தொலைத்தொடர்பு பங்கர். 1944 ஜூலையில் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்றபின், சதியில் பங்கெடுத்த ஜெனரல் எடுவார்ட் வாக்னர் இந்த வளாகத்தில்தான் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். 1945 ஏப்ரலில் சோவியத் தளபதி ரிபால்கோவின் 3ஆவது காவல் டாங்கிப் படை வந்து சேர்ந்தது. போருக்குப் பின் மேபாக் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில வீடுகள் தகராமல் சாய்ந்து மட்டும் நின்றன, இன்னும் அப்படியே நிற்கின்றன.

சோவியத் காலத்துக்கு வந்தபோதுதான் பட்டியல் சிக்கலானது. கிழக்கு ஜெர்மனியில் இருந்த சோவியத் படைகள் அனைத்துக்கும் 1950களிலிருந்து தலைமையகம் வூன்ஸ்டோர்ஃப். பல்லாயிரக்கணக்கான படைவீரர்களும் அவர்கள் குடும்பங்களும் வாழ்ந்த ஊர். பள்ளிக்கூடம், கடைகள், தியேட்டர், நீச்சல் குளம் எல்லாம் உள்ளேயே. தினமும் மாஸ்கோவுக்கு ரயில். ஊரைக் கடக்கும் 96ஆம் எண் நெடுஞ்சாலையையே உள்ளூர்க்காரர்களுக்கு மூடிவிட்டார்கள். ஜெர்மானியர்கள் இதைத் ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ என்றே அழைத்தார்கள். வெளிநாட்டில் இருந்த சோவியத் படைப்பிரிவுகள் கடிதங்களிலும் முத்திரைகளிலும் தங்கள் உண்மைப் பெயரைப் போடுவதில்லை. ‘கள அஞ்சல்’ என்று எழுதி ஐந்து இலக்க எண் ஒன்று, அவ்வளவுதான். கதவில் ஒட்டிய சரக்குப் பட்டியலோ, ஸ்டோர் ரூமில் கிடந்த ரசீதோ அந்த எண்ணைத்தான் காட்டும். அதைப் படைப்பிரிவோடு பொருத்த, முன்னாள் வீரர்கள் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல்களைத் தேட வேண்டும்.

எங்கள் குழுவில் கஜகஸ்தானிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். ஜெர்மானிய வம்சாவளி, 1990களில் குடும்பத்தோடு ஜெர்மனிக்குத் திரும்பியவர். இளவயதில் சோவியத் ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்தவர், ஆனால் வேறெங்கோ. அவருக்கு ரஷ்ய எழுத்து தாய்ப்பால் மாதிரி. அவர் இல்லாவிட்டால் பாதி வேலை நடந்திருக்காது.

சுவர்களுக்கு வருகிறேன். ஓர் அறையில் எத்தனை முறை வண்ணம் பூசியிருக்கிறார்கள் என்று பார்க்க, அறுவைக் கத்தி ஒன்றை வைத்துக்கொண்டு, விரல் அகலக் கட்டங்களாக ஒவ்வோர் அடுக்கையும் சுரண்டுவோம். முதல் கட்டத்தில் மேலடுக்கு மட்டும் இருக்கும், அடுத்ததில் ஒன்று குறையும், கடைசிக் கட்டத்தில் வெறும் பூச்சு. சோவியத் அடுக்கு கத்திக்குத் தெரிந்துவிடும். தோள் உயரம் வரை பளபளக்கும் எண்ணெய் பெயிண்ட், பெரும்பாலும் பச்சை, சில அறைகளில் நீலம். அதற்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை. பச்சையும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு. அதைக் கையால் இழுத்திருக்கிறார்கள். சில அறைகளில் நூல் பிடித்தது போல நேராக இருந்தது, சிலவற்றில் அவசரத்தில் வளைந்து போயிருந்தது. எண்ணெய் பெயிண்ட் உரியும்போது தோலாகச் சுருண்டு வரும். அதற்குக் கீழே மங்கிய காவி, அதற்கும் கீழே அச்சு வைத்துப் பூசிய அலங்காரப் பட்டை. அந்தப் பட்டை பேரரசர் காலத்தது.

அதிகாரிகள் தங்கிய அறைகளில் சுவர்த்தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் கீழே, சுவர் சமமாக இருக்கட்டும் என்று செய்தித்தாள். ராணுவ நாளிதழான ‘க்ராஸ்னயா ஸ்வெஸ்தா’ தாராளமாகக் கிடைத்தது. எங்களுக்கு அது வரப்பிரசாதம். எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காத தேதி சுவரிலேயே அச்சாகி இருக்கிறது. அந்த அறை எந்த ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டது என்பதை அதைக்கொண்டே சொல்லிவிடலாம். நம்ம கஜகஸ்தான்காரர் மட்டும் தேதியைக் குறித்துவிட்டு நகர மாட்டார். ஏணியில் நின்றபடியே கால்பந்து முடிவுகளைப் படித்துக்கொண்டிருப்பார்.

வெளிச்சுவரின் செங்கல்லில்தான் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இருந்தது. கட்டாயச் சேவைக்கு வந்த பையன்கள், இரண்டு ஆண்டு முடிந்து ஊருக்குப் போகுமுன், ஆணியால் செங்கல்லைக் கீறி எழுதியவை. ‘டெஎம்பெ’ என்ற மூன்று ரஷ்ய எழுத்து, அதாவது ‘சேவை முடிந்து விடுவிப்பு’, அதன் பக்கத்தில் ஆண்டு, ஊர்ப் பெயர். தாஷ்கென்ட், ஓம்ஸ்க், பாக்கு, லிவிவ். ஜன்னலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு கூட்டம், புகைபிடிக்க ஒதுங்கும் மூலையில் இன்னொரு கூட்டம். பட்டியலில் இருந்த தலைமைத் தளபதிகளின் பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: பெர்லின் சுவர் எழுந்த 1961இல் அனுப்பப்பட்ட மார்ஷல் கோனெவ் முதல், கடைசியாக இருந்த புர்லகோவ் வரை. இந்தப் பையன்களோ வேலிக்கு வெளியே ஜெர்மனியை ஒழுங்காகப் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு வெளியே போக அனுமதி கிடைப்பது அவ்வளவு அரிது.

பட்டியலில் இடமே இல்லாத இன்னொரு கூட்டமும் உண்டு. இது எனக்குத் தனிப்பட்ட முறையில் சுருக்கென்றது. முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிலிருந்து பிடிபட்ட முஸ்லிம் கைதிகளுக்காக வூன்ஸ்டோர்ஃபில் ‘பிறைநிலா முகாம்’ என்று ஒன்றை அமைத்தார்கள். நன்றாக நடத்தி, மனம் மாற்றி, பிரிட்டனுக்கு எதிராகத் திருப்பிவிடலாம் என்பது கணக்கு. அதற்காகவே 1915 ஜூலையில் மரத்தால் ஒரு மசூதி கட்டித் திறந்தார்கள். ஜெர்மன் மண்ணில் வழிபாட்டுக்கென்று எழுந்த முதல் மசூதி அது என்கிறார்கள். அங்கே இந்தியர்களுக்கென்று தனிப் பகுதியும் இருந்தது: சீக்கியர், கூர்க்கா, பஞ்சாபி. இந்தி, உருது மொழிகளில் ‘ஹிந்தோஸ்தான்’ என்று ஒரு முகாம் பத்திரிகை. இந்தப் பிரச்சாரத்துக்குக் கைகொடுத்தது பெர்லினில் இயங்கிய இந்திய விடுதலைக் குழு. நம்மில் பலருக்குத் தெரிந்த செண்பகராமன் பிள்ளையும் அந்தக் குழுவில் இருந்தவர்தான்.

ஜெர்மன் மொழியியலாளர்களுக்கும் கைதிகள் கூட்டம் வசதியாகப் போயிற்று. வில்ஹெல்ம் டோகன் என்பவர் முன்னின்று நடத்திய ஒலிப்பதிவுக் குழு, கைதிகளைப் புனல் போன்ற கருவியின் முன் நிறுத்திப் பேசவும் பாடவும் வைத்துத் தட்டுகளில் பதிவு செய்தது. 1916 டிசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபிக் கைதி பேசியது அதில் ஒன்று. இந்தியாவில் வெண்ணெய் சாப்பிட்டவன், இப்போது இந்தியாவுக்கே திரும்பிப் போக விரும்புகிறான் என்று தன்னைப் பற்றியே படர்க்கையில் பேசுகிறார். பெர்லின் ஹும்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் அந்தக் குரல் இருக்கிறது.

அவர்களில் திரும்பாதவர்கள் பக்கத்திலிருந்த ஸேரென்ஸ்டோர்ஃப் என்ற இடத்தில் புதைக்கப்பட்டார்கள். 206 இந்தியர்களின் கல்லறை அங்கே இருக்கிறது. சோவியத் காலத்தில் அந்த இடம் பயிற்சித் திடலுக்குள் அகப்பட்டு நாசமானது. படைகள் போனபின் மீட்டெடுத்து, 2005இல் மறுபடி திறந்தார்கள். ஒரு மதிய இடைவேளையில் அங்கே போனேன். ஒழுங்காக வெட்டிய புல், மணற்பாங்கான தரை, சுற்றிலும் பைன். பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தேன். ஊரில் யாருக்கும் சொல்லி அனுப்ப வழியில்லாமல் இவ்வளவு தூரத்தில் கிடக்கிறார்களே என்ற எண்ணம் வந்ததை மறைப்பதற்கில்லை. முகாம் மசூதி 1920களிலேயே இடிக்கப்பட்டுவிட்டது. 2015இல், அதே இடத்தில் அகதிகளுக்குத் தங்குமிடம் அமைக்குமுன், தொல்லியல் ஆய்வாளர்கள் அகழ்ந்து பார்த்தார்கள்.

தோண்டுவதென்றால் அங்கே சும்மா இல்லை. அளவைக்கு ஓர் ஆப்பு அடிக்கக்கூட, அந்தத் துண்டு நிலத்தில் வெடிபொருள் இல்லை என்ற சான்று கையில் இருக்க வேண்டும். நூறாண்டு ராணுவம் விட்டுப்போனது தரைக்குள் கிடக்கிறது. மாநிலத்தின் வெடிபொருள் அகற்றும் பிரிவே வூன்ஸ்டோர்ஃபில்தான் இருக்கிறது. பொருத்தம்தான்.

1994 ஆகஸ்ட் 31இல் பெர்லினில் ரஷ்ய அதிபர் யெல்த்ஸினும் ஜெர்மன் சான்சலர் கோலும் நின்று கடைசி ரஷ்யப் படைகளை வழியனுப்பினார்கள். ஜெர்மனி முழுவதிலுமிருந்து, குடும்பத்தாரையும் சேர்த்து, ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் சில ஆண்டுகளுக்குள் வெளியேறினார்கள். வூன்ஸ்டோர்ஃப் குடியிருப்புகளில் சில வீடுகளாக மாறின, சிலவற்றில் அரசு அலுவலகங்கள் வந்தன. 1998இல் பழைய புத்தகக் கடைகளை வரவழைத்து ‘புத்தக நகரம்’ ஆக்கினார்கள். அதிகாரிகள் இல்லத்தின் முன் லெனின் மட்டும் அப்படியே நிற்கிறார்.

அறிக்கை எழுதும்போது ஒரு சின்னத் தகராறு வந்தது. பட்டியலில் ஆண்டு, படைப்பிரிவு, பயன்பாடு என்று மூன்று கட்டம். நான் நான்காவதாக ‘பிறர்’ என்று ஒன்று சேர்த்தேன். கைதிகள், சமையல்காரர்கள், அதிகாரிகளின் மனைவி மக்கள், ஆணியால் ஊர்ப் பெயர் எழுதிய பையன்கள். மேலதிகாரியம்மா எதிர்க்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டார். கைதிகளுக்கு ஆவணம் இருந்தது. பையன்களுக்கு? “அறை 2.14, சுவர் ஆ, வெளிப்புறம்” என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார். கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் வெளிச்சுவரில் வெப்பத்தடுப்புப் பலகை ஒட்ட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் செங்கல் தப்பித்தது. உள்ளே பச்சை பெயிண்டில் ஓர் அறை மட்டும் மாதிரிக்காக விடப்பட்டது, மற்றவை வெள்ளையாகிவிட்டன. நிலவறைக்கு வெடிபொருள் சான்று வரத் தாமதமானதால், அந்தப் பக்கங்களை வேறொருவர்தான் பிறகு நிரப்பினார். நான் அதற்குள் லைப்சிக் பக்கம் ஒரு பழைய ரயில் நிலைய வேலைக்குப் போய்விட்டேன்.