மிக்கு சுட்ட பாண்

ஹட்டனில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் மாலை ஐந்து மணிக்கே சிங்கமலை மூடுபனியில் மறைந்துவிடும். அப்படிப்பட்ட மாலைகளில்தான் நானும் தங்கச்சியும் ஒரே கம்பளிக்குள் அமர்ந்து 'கோதோபுன் நோ ஹனயோமே' என்ற ஜப்பானிய அசைபடத் தொடரை (அனிமேயை) பார்த்து முடித்தோம். 2019இல் முதற்பருவமும் 2021இல் இரண்டாம் பருவமும் வெளியான அத்தொடரில், ஒரே முகச்சாயல் கொண்ட ஐந்து சகோதரிகளுக்கு, கடன்பட்ட குடும்பத்தில் வளர்ந்த ஃபூத்தாரோ பாடம் சொல்லிக்கொடுக்கிறான்.

ஒருவனைப் பலர் விரும்பும் ஹாரம் நகைச்சுவைகளில் பெண்கள் பெரும்பாலும் எந்தக் குணத்தோடு அறிமுகமாகிறார்களோ அதே குணத்தோடுதான் கடைசிவரை நிற்பார்கள். இங்கே ஃபூத்தாரோவுக்கான போட்டியே அந்தச் சகோதரிகளை மாற்றுகிறது. ஐவரில் ஒருத்தியான, சமையல் சற்றும் கைவராத மிக்கு, அவனுக்குத் தன் கையால் பாண் சுட்டுக் கொடுப்பதற்காகவே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து பழகுகிறாள். தங்கைகளுக்கு விட்டுக்கொடுத்தே வந்த மூத்தவள் இச்சிக்காவோ, மிக்குவைப்போல வேடமிட்டு, இச்சிக்கா உன்னை விரும்புகிறாள் என்று அவனிடம் சொல்லிவிடுகிறாள்.

"கூடப்பிறந்தவளுக்கே இப்படிச் செய்வாங்களா அக்கா?" என்று தங்கச்சி கேட்டாள். கையிலிருந்த பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. செய்வார்கள் என்றே நான் நினைக்கிறேன். அந்தத் தவற்றையும் அதன்பின் அவள் படும் குற்றவுணர்வையும் மறைக்காமல் காட்டியதால்தான் இச்சிக்கா எனக்கு மிக நெருக்கமானவளானாள். கடைக்குட்டி இட்சுகிக்கு இத்தகைய ஆழம் வாய்க்கவில்லை என்பது மட்டும் எனக்கு இன்றும் வருத்தம்.