சாப்பாட்டுத் தகராறாம்!

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் பிரிட்டிஷ் ஆட்சியின் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மோசமான சாப்பாடுதான் காரணம் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம்.

சாப்பாடு மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் பருப்புக்காக மட்டும் கொதித்தவர்கள், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவக் (ஐ.என்.ஏ.) கைதிகளை விடுதலை செய் என்றெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளை ஒன்றாகவே கப்பல்களில் ஏற்றினார்கள். (கட்சித் தலைவர்களால் முடியாத காரியம்!) ஆதரவாகத் தெருவுக்கு வந்த பம்பாய் மக்களில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

படேலும் ஜின்னாவும் சரணடையச் சொன்னார்கள். 23ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்துபோனது. பணிநீக்கம் செய்யப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படையும் திரும்பச் சேர்க்கவில்லை, பாகிஸ்தானும் சேர்க்கவில்லை. வெறும் சோற்றுச் சண்டைக்காரர்களிடம் இரண்டு புதிய அரசுகளுக்கும் ஏன் இத்தனை தயக்கம்?