சினை வெள்ளாட்டுக்குத் தாது உப்பு: வைவாவில் வாங்கிக் கட்டியதும் அப்புறம் படித்த விதமும்

கால்நடை மருத்துவப் படிப்பில் நாலாம் வருட மெடிசின் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எக்ஸ்டர்னலாக வந்த வெளித் தேர்வாளர் என்னிடம் ஒரே ஒரு கேஸ்தான் கொடுத்தார். "பெட்டை வெள்ளாடு, ஈனுறதுக்கு மூணு வாரம் இருக்கு. தீவனம் எடுக்கல, எழுந்து நிக்கல. என்ன பண்ணுவே?" யோசிக்கவே இல்லை. "பால் காய்ச்சல் சார், கால்சியம் போரோகுளுக்கோனேட் நரம்புல மெதுவா" என்றேன். "வயித்துல எத்தனை குட்டிம்மா?" என்றார். அதை ஏன் கேட்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை.

கறவை மாட்டுக்குப் பால் காய்ச்சல், அதாவது இரத்தத்தில் கால்சியம் குறைவது, பெரும்பாலும் கன்று ஈன்ற மூன்று நாளைக்குள் வரும். வெள்ளாட்டில் கால்சியம் குறைவு ஈனுவதற்கு முன்பும் வரலாம், நிறையக் கறக்கும் ஆடென்றால் ஈன்ற பிறகும் வரலாம். வயிற்றில் இரண்டு மூன்று குட்டி இருந்தால் கடைசி மாதத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சினைக்கால நச்சேற்றம். குட்டிகள் குளுக்கோஸை இழுக்க, தாய் தன் கொழுப்பைக் கரைக்க, அதில் உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் இரத்தத்தில் ஏறிவிடும். சிறுநீரில் கீட்டோன் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு, அதனால் கால்சியம் சொன்னது முழுத் தப்பில்லை. வெள்ளாட்டைச் சின்ன மாடு என்று நினைத்ததுதான் தப்பு.

இரண்டாம் வருட நியூட்ரிஷனில் நான் படித்தது ஓர் அட்டவணை. இந்தப் பக்கம் தாது, அந்தப் பக்கம் குறைபாட்டு நோய். இரண்டு மார்க் கேள்விக்கு அது போதும், கேஸ் என்று வந்தால் கைவிட்டுவிடும். மறுபடி படித்தபோது அட்டவணையை மூடிவிட்டு, ஒரு தாளில் சினைக்காலமான 150 நாளுக்குக் கோடு போட்டேன். கடைசி ஐம்பது நாளைத் தனியாகப் பிரித்தேன், ஏனென்றால் குட்டி எடை போடுவதில் பெரும்பங்கு அங்கேதான். அப்புறம் ஒவ்வொரு சத்துக்கும் ஒரே கேள்வி: இது நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குப் போகுமா, சீம்பால் வழியாகப் போகுமா?

செலினியம், தாமிரம், அயோடின் மூன்றும் கருப்பையிலேயே போய்விடும். வைட்டமின் ஏ, ஈ இரண்டும் அங்கே சொற்பமாகத்தான் கடக்கும், குட்டி அவற்றைச் சீம்பாலில்தான் வாங்க வேண்டும். இது பிடிபட்டதும் பாதிப் பாடம் தானாக உட்கார்ந்துவிட்டது. குட்டியின் தசை வெளிறிப் பலமிழக்கும் வெள்ளைத் தசை நோய்க்குச் செலினியத்தையும் வைட்டமின் ஈயையும் ஏன் சேர்த்தே சொல்கிறார்கள், சித்திரையில் பச்சையே இல்லாமல் காய்ந்த தீவனம் தின்று ஈனும் ஆட்டின் குட்டிக்கு ஏன் வைட்டமின் ஏ குறைகிறது, எல்லாம் இதிலிருந்தே வரும். செலினியத்தில் மட்டும் அளவையும் எழுதுங்கள். தீவனத்தில் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம் போதும், 5 மில்லிகிராம் அளவில் தொடர்ந்து போனால் நஞ்சு. குறைபாடு உள்ள வட்டாரமா என்று பார்க்காமல் ஊசி போடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் திருத்துபவர் நிமிர்ந்து பார்ப்பார்.

அயோடினுக்கு எங்கள் வீட்டு உதாரணமே இருந்தது. அம்மாயி ஆடுகளுக்குச் சவுண்டல் (சூபாபுல்) தழைதான் அதிகம் ஒடித்துப் போடும். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு இரைப்பையில் உடைந்து தைராய்டைத் தடுக்கும் பொருளாகிறது. அயோடின் குறைந்தால் குட்டி கழுத்து வீங்கி, முடியில்லாமல், சில நேரம் செத்தே பிறக்கும். ஆனால் அம்மாயியின் ஆடுகளுக்கு ஒன்றும் ஆனதில்லை. காரணம் தேடியபோது கிடைத்தது சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்ற பாக்டீரியா. அந்த நச்சை இரைப்பையிலேயே சிதைத்துவிடும். ஹவாய்த் தீவு வெள்ளாடுகளின் இரைப்பை நீரை ஆஸ்திரேலிய ஆடுமாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து வெளிவந்த விஷயம் இது. சிலபஸில் இல்லை, ஆனாலும் மறக்காது.

தாமிரத்தில் நம் மொழியே காலை வாரும். நமக்குச் செம்மறியும் ஆடு, வெள்ளாடும் ஆடு. செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலே ஈரல் போய்விடும், அதனால் அதற்கான கலவையில் தாமிரத்தைக் குறைத்தோ விட்டுவிட்டோ செய்வார்கள். அதையே சினை வெள்ளாட்டுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் பின்னங்கால் பின்னுகிற குட்டி பிறக்கலாம், நரம்பு உறை கெட்ட பிறகு அதைத் திருப்ப முடியாது. விடைத்தாளில் 'ஆடு' என்று மொட்டையாக எழுதாதீர்கள்.

கால்சியத்துக்குத் தழைகளின் பெயரோடு எழுதுங்கள். வேலிமசால், அகத்தி, கடலைக்கொடியில் கால்சியம் அதிகம். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். கால்சியமும் பாஸ்பரஸும் இரண்டுக்கு ஒன்று விகிதம் என்பதை இப்படிச் சொன்னால் புரிந்து எழுதியது தெரியும். பால் காய்ச்சல் வராமலிருக்க மாட்டுக்குச் சொல்கிற மாதிரி ஈனுமுன் கால்சியத்தை வெட்டு என்பதை, மூன்று குட்டி சுமக்கிற வெள்ளாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். வைட்டமின் டிக்கு நம் ஊர் வெயில் போதும், அரைப் பக்கம் வீணாக்க வேண்டாம்.

கணக்கும் கேட்பார்கள். நூறு கிலோ அடர்தீவனத்துக்குத் தாது உப்புக் கலவை 2 கிலோ என்று எல்லோரும் ஒப்பிப்போம். ஒரு நாளைக்கு 200 கிராம் அடர்தீவனம் தின்கிற ஆட்டுக்கு எவ்வளவு போகும்? 4 கிராம்தான். அது போதுமா என்று அடுத்த கேள்வி வரும், தயாராக இருங்கள். ஊருக்குப் போனபோது இந்தக் கணக்கை அம்மாயியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதெல்லாஞ் சரி கண்ணு, அந்தப் பொடிய ஆடு மோந்து பாத்துட்டுப் போயிருமே, என்ன பண்ணுவ?" என்றது. எந்தப் பாடத்திலும் நான் அதைப் படிக்கவில்லை. கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து அதில் பிசைந்து அம்மாயியே காட்டியது.