அழுக்கா, கண்டுபிடிப்பா?

எங்கள் ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். கடற்கரையில் கருமணல் கிடக்கும். வெயில் ஏறிவிட்டால் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்த மணலில் மோனசைட் என்ற கனிமம், அதற்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் இதைக் கண்டார். கயிறு வாங்கியவர்கள் உதறிப் போட்ட தூசி அது. அப்போது ஐரோப்பாவில் தோரியத்துக்கு ஏகக் கிராக்கி. கேஸ் விளக்கின் மேண்டில், அதாவது சுடரில் பளிச்சென்று ஒளிரும் வலை, அதில்தான் செய்தார்கள்.

1984-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் மேலதிகாரி ஒரு புதுப் பெட்ரோமாக்ஸ் மேண்டிலைக் கையில் கொடுத்து, "இதைக் கவுண்ட் பண்ணிக் கொண்டு வாப்பா" என்றார். எவ்வளவு கதிர் வருகிறது என்று எண்ணச் சொன்னார். எத்தனையோ கல்யாண வீடுகளில் அந்த வெளிச்சத்தில் பந்தி சாப்பிட்டிருக்கிறேன். டிடெக்டர் மேல் வைத்ததும் திரையில் பீக்குகள், ஒவ்வொரு கதிரின் ஆற்றலுக்கும் ஒரு முகடாக, வரிசையாக எழுந்தபோது கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது. அளந்த கணக்கை நோட்டில் எழுதி, மேண்டிலை ஒரு உறையில் போட்டு டிராயரில் வைத்தேன்.

நான் செய்தது கதிர்வேதியியல். யுரேனியம் பிளக்கும்போது எந்தத் தனிமம் எவ்வளவு பிறக்கிறது என்று அளப்பது. நியூட்ரானில் வைத்து எடுத்த யுரேனியத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதில் அளந்த பேரியத்தைக் கேரியராகச் சேர்ப்போம். பிளவில் பிறந்திருக்கும் கதிரியக்கப் பேரியம்-140 கண்ணுக்கே தெரியாத அளவு. சாதாரணப் பேரியம்தான் அதைக் கூட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும். பனிக்கட்டிக்குள் வைத்த பீக்கரில் புகையும் நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் வெள்ளையாகப் படியும். ஸ்ட்ரான்ஷியமும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதைக் கழற்றிவிட மறுபடி கரைத்துக் குரோமேட் சேர்த்தால், வெளிர் மஞ்சளில் பேரியம் மட்டும் அடியில் இறங்கும். அந்த மஞ்சள் இறங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. அப்புறம் வடிகட்டி, உலர்த்தி, நிறுத்து, டிடெக்டரில் வைக்க வேண்டும். பேரியத்திலிருந்து லாந்தனம் பிறந்து, அதன் 1596 கேஇவி (கதிரின் ஆற்றல் அளவு) பீக் ஐந்தாறு நாள் ஏறிக்கொண்டே போகும், பிறகு 12.75 நாள் அரை ஆயுளில், அதாவது 12.75 நாளுக்கு ஒருமுறை பாதியாகி, இறங்கும். இறங்கும் வேகம் சரியாக இருந்தால் கையில் இருப்பது பேரியம்தான் என்று நம்பலாம்.

அன்றைய டிடெக்டர்கள் லித்தியம் ஏற்றிய ஜெர்மானியம். எப்போதும் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டும். சூடேறினால் லித்தியம் இடம்பெயர்ந்து டிடெக்டர் பாழ். பொங்கலோ தீபாவளியோ, யாராவது ஒருவர் வந்து நைட்ரஜன் நிரப்பியே ஆக வேண்டும். பல வருடம் அந்த ஒருவர் நான்தான். கல்யாணமாகாதவன் என்று காரணம் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் பிறகு, பழகியவன் என்றார்கள்.

மூன்றாவது வருடத்தில் எனக்கு ஒரு 'கண்டுபிடிப்பு' கிடைத்தது. பேரியம்-140 அளவு, புத்தக மதிப்பைவிடத் தொடர்ந்து 4 சதவீதம் குறைவாக வந்தது. பத்தாயிரம் கவுண்ட் எடுத்தால் 1 சதவீதப் பிழை. நான் லட்சத்துக்கு மேல் எடுத்திருந்தேன். இயற்பியல் நண்பர் டிடெக்டரைச் சந்தேகப்பட்டார். நான் புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து, கேரியர் பாட்டிலைக் கையில் எடுத்தபோது மூடி லேசாக ஆடியது. ஏசி அறையில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கரைசல் கெட்டியாகியிருந்தது. நான் நினைத்ததைவிட அதிகப் பேரியம் பீக்கரில் விழ, முழுவதும் மீண்டு வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டியிருக்கிறது; வழியில் இழந்ததைச் சேர்க்காததால் அளவு குறைந்திருக்கிறது. மூடியைத் திருகி மூடாமல் போனவனும் நான்தான்.

யுரேனியப் பிளவு கண்டுபிடிக்கப்பட்ட 1938 டிசம்பரை நான் சரியாகப் புரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். பெர்லினில் ஓட்டோ ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள், நியூட்ரான் பட்ட யுரேனியத்தில் ரேடியம் உண்டாகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பிடிக்கப் பேரியத்தைக் கேரியராகப் போட்டார்கள். பிறகு பேரியத்திலிருந்து பிரிக்கப் பார்த்தால் பிரியவில்லை. அங்கேதான் அவர்கள் கைவேலை பேசுகிறது. முறையில் கோளாறா என்று பார்க்க, மீசோதோரியத்தை அதே அளவு பலவீனமாக்கி அதே மாதிரி பிரித்துப் பார்த்தார்கள். மீசோதோரியம் என்பது தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடியம்-228. 1907-இல் ஹானே கண்டுபிடித்தது. அது ஒழுங்காகப் பிரிந்தது. ஆக, முறையில் தவறில்லை. அவர்கள் ரேடியம் என்று நினைத்திருந்ததுதான் பேரியம். 1939 ஜனவரியில் வந்த கட்டுரையில், வேதியியலாளராக இதைப் பேரியம் என்று சொல்லியாக வேண்டும், ஆனால் அணு இயற்பியலின் அனுபவம் முழுவதும் இதற்கு எதிராக நிற்கிறதே என்று தயங்கித்தான் எழுதினார்கள்.

அந்தத் தயக்கத்தைத் தீர்த்தவர் ஹானின் நெடுநாள் கூட்டாளியான இயற்பியலாளர் லீசே மைட்னர். யூத வம்சத்தவர் என்பதால் ஜூலையிலேயே ஜெர்மனியிலிருந்து தப்பி ஸ்வீடன் போய்விட்டவர். ஹானின் கடிதம் அங்கே வந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறையில், அக்கா மகன் ஃபிரிஷ்ஷோடு பேசிப் பேசி, யுரேனியக் கரு இரண்டாகப் பிளக்கிறது என்றும் ஒவ்வொரு பிளவிலும் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட் வெளிவரும் என்றும் கணக்குப் போட்டார். 1944-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. எனக்கு இதில் இன்றும் ஆற்றாமை உண்டு. இரண்டு துறைக்கு நடுவில் நிற்கிற ஆளுக்கு நாற்காலி தேடுவது கஷ்டம்தான். எங்கள் இடத்தில் இயற்பியல்காரர்களுக்கு நான் கெமிஸ்ட். வேதியியல்காரர்களுக்குக் கவுண்டிங் ரூம் ஆள். பதவி உயர்வு நேர்காணல்களில் அது நன்றாகவே தெரியும்.

ஒரு ஐப்பசி மழையில் சாம்பிள் கொண்டு வந்த லாரி முற்றத்தில் நனைந்தபடி நின்றது. மேற்கூரையை ஈரத்தோடு துடைத்தெடுத்த தாளில் கவுண்ட் எக்கச்சக்கம். புதுப் பையன் முகம் வெளுத்துப் போனான். "அரை மணி கழித்து மறுபடி பார்" என்றேன். பாதிக்கு வந்திருந்தது. சாயங்காலம் ஒன்றுமே இல்லை. காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் பிள்ளைகளை மழை கழுவி இறக்கியிருந்தது, அவ்வளவுதான்.

2018-இல் ஓய்வு பெறும் வாரம் டிராயரைக் காலி செய்தபோது அந்த மேண்டில் உறையோடு கிடைத்தது. டிடெக்டர் புதியது, கணினி புதியது. கணக்கெடுத்துப் பழைய நோட்டோடு ஒப்பிட்டோம். டிடெக்டர் வித்தியாசத்தைக் கழித்த பிறகும் 911 கேஇவி பீக் பல மடங்கு ஏறியிருந்தது.

"சார், டிராயர்ல இருந்து ஏதோ ஒட்டியிருக்கு. கழுவிட்டு மறுபடி வைக்கலாமா?" என்றாள் கூட இருந்த பெண்.

கேள்வி சரியான கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. மேண்டில் செய்யும்போது தோரியத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்திருப்பார்கள், 911 பீக் மீசோதோரியத்தின் வழியில் வருவது, அதன் அரை ஆயுள் 5.75 வருடம், நடுவில் போனது 34 வருடம் என்று மட்டும் ஒரு தாளில் எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் பேனாவை எடுத்தாள்.